இரண்டு கைகளும் தெரியும்வரை

மகளே,

ஞாயிற்றுக்கிழமை நீ வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாய்: "அப்பா, நீங்கள் வேண்டாம் எண்டால் நான் போகமாட்டன். ஆனா வாயால சொல்லாதேங்கோ. வாயால கேட்டா எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவியள். ஆறுதலா யோசிச்சு எழுதுங்கோ." குசினிக்குள் இருந்த உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கலியாணத்துக்கே நேரில ஓம் எண்டு சொல்லிப்போட்டு, பிறகு வீட்டை போய் யோசிச்சுக் கடிதம் எழுதின மனிசன்" என்றாள். அது உண்மைதான். அந்தக் கடிதத்திலும் நான் ஓம் என்றுதான் எழுதியிருந்தேன் என்பதை மட்டும் அவள் எப்போதும் சேர்த்துச் சொல்வதில்லை.

நீ கேட்டது சின்ன விஷயமல்ல. மாலைதீவில் இரண்டு தீவுகளை இணைக்கும் பாலம் ஒன்றுக்கு அத்திவாரத் தூண்களை இறக்கும் வேலை. அதன் பாதுகாப்புத் திட்டம் முழுவதற்கும் நீ பொறுப்பு. இங்கே உன் இயந்திரம் நிலத்தில் நிற்கிறது. அங்கே அது கடலில் மிதக்கும் தட்டையான பெரிய படகு ஒன்றின் மேல் நிற்குமாம். நீ கைபேசியில் படத்தைக் காட்டியபோது நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சுற்றிவர நீலம், நடுவில் ஒரு தட்டு, தட்டின் மேல் வானத்தைக் குத்துகிற கம்பம், அதன் அடியில் எறும்புபோல மனிதர்கள். அந்த எறும்புகளில் ஒன்று என் பிள்ளையாக இருக்கப்போகிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை எழுதிய முதற் கடிதத்தில் வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தேன். மரியாதையான, நீளமான வசனங்கள். அம்மாவின் முழங்கால், என் இரத்த அழுத்தம், கண்டிக்கும் மாலேக்கும் இடையில் உள்ள தண்ணீர் எல்லாம் அதில் வந்திருந்தன. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது, கட்டுகஸ்தோட்டையில் உன் வேலையிடத்தில் நான் கண்டது எதுவுமே அதில் இல்லை என்பது தெரிந்தது. கண்ணால் கண்டதைத் தள்ளிவைத்துவிட்டுக் காணாததை வைத்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். அதனால் கடிதத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன். கண்டதை முதலில் எழுதுகிறேன். பதில் அதிலிருந்து வரட்டும்.

உனக்குத் தெரியும், நான் பயந்த மனிதன். பஸ்ஸில் ஏறுமுன் சாரதியின் முகத்தைப் பார்ப்பவன். அடுப்பை நிறுத்திவிட்டு, வாசல்வரை போய், திரும்பி வந்து பார்ப்பவன். வானம் வெளுத்திருந்தாலும் குடையைக் கைவிடாதவன். வைத்தியசாலையில் மருந்தாளராக இருந்த காலம் முழுவதும் போத்தலை அலுமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, மருந்தை ஊற்றுமுன் ஒருமுறை, திருப்பி வைக்கும்போது ஒருமுறை என்று பெயரை வாய்விட்டு வாசிப்பேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "ஐயா ஜெபம் பண்ணுறார்" என்று என் காதுபடவே சொல்வார்கள். பிழையான மருந்து யாருக்கும் கொடுத்ததில்லை, எனக்குத் தெரிந்தவரையில். அந்த "எனக்குத் தெரிந்தவரையில்" என்பது ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை.

நீ சிறுமியாக இருந்தபோது பொம்மைகளை வரிசையாக இருத்தி, வெற்று மருந்துப் போத்தலைக் கையில் பிடித்து, என்னைப்போலவே கண்ணைச் சுருக்கி, பெயரை உரக்க வாசித்துவிட்டுத்தான் அவற்றுக்கு மருந்து கொடுப்பாய். ஒருநாள் ஒரு பொம்மைக்கு மருந்து தர மறுத்தாய். "இவவின்ர துண்டில எழுத்து விளங்கேல்லை. டொக்டரிட்டைக் கேட்டிட்டு வரச் சொல்லுங்கோ" என்றாய். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு உள்ளே கவலைதான் வந்தது. என் பயம் பிள்ளைக்கும் தொற்றிவிட்டதே என்று நினைத்தேன். கண்டி வாவிக்கரையில் நடக்கும்போது உன் கையை நான் இறுக்கிப் பிடித்த பிடியில்தான் அது உனக்குள் இறங்கியிருக்கவேண்டும் என்று பல வருடங்கள் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு நீ பொறியியல் படித்து, எல்லாவற்றையும் விட்டு, நிலத்தைத் துளைக்கிற இந்தப் பெரிய இயந்திரங்களின் பக்கமே போனபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயந்தவனின் பிள்ளை எப்படி அங்கே போய் நிற்கிறாள்?

சென்ற மாதம் நீ அழைத்தாய். "புதுக் கட்டடத்தின்ர முதலாவது தூணுக்குத் துளை போடுற நாள் அப்பா. காணிக்காற அம்மா நல்ல நேரம் பார்த்து வைச்சிருக்கிறா. பால் காய்ச்சுவினம், கிரிபத் குடுப்பினம். வாங்கோ." அம்மாவுக்கு முழங்கால் விடவில்லை. நான் மட்டும் மடவளை பஸ்ஸில் ஏறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இப்பால் இறங்கி, மகாவலிக் கரைக்குப் போகும் சரிவுப் பாதையில் குடையோடு வந்தேன். முதல்நாள் பின்னேரம் தொடங்கிய மழை விடியும்போதுதான் விட்டிருந்தது. ஆறு தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலிலேயே எனக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும், மின்னுகிற மேற்சட்டையும் தந்தார்கள். உன் அலுவலகம் என்று காட்டிய இரும்புப் பெட்டிக்குள் போனேன். சுவரில் நீ வரைந்த பெரிய படம். நீ வெளியில் இருந்தாய். உனக்காகக் காத்திருந்த நேரத்தில் அதை நான் வாசித்தேன். மருந்துச் சீட்டு வாசித்த கண், வேறென்ன செய்யும்? நிலம் எங்கே வெட்டி நிரப்பப்பட்டது, எங்கே இயற்கையான மண், கற்சல்லி பரப்பி உருட்டி இறுக்கிய தளத்தின் விளிம்பு எங்கே, அந்த விளிம்புக்கு எவ்வளவு கிட்ட இயந்திரம் வரலாம், மின்கம்பிகள் எந்தப் பக்கம், கம்பத்தை நிமிர்த்திக்கொண்டு எந்த வழியால் நடக்கலாம், எந்த வழியால் படுக்கவைத்துத்தான் போகவேண்டும், தோண்டிய துளையைக் கொங்கிறீற்று நிரப்பும்வரை எந்த இரும்பு மூடியால் மூடுவது, மழை பெய்தால் என்ன, காற்று அடித்தால் என்ன, வெட்டும்போது கண்டி மண்ணுக்குள் புதைந்திருக்கும் பாறை உருண்டை தட்டுப்பட்டால் என்ன. இயந்திரத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். கம்பம் எந்தத் திசையில் சரிந்து விழுந்தாலும் அது போய்ச் சேருகிற தூரத்தை அந்த வட்டம் காட்டுவதாகக் கீழே எழுதியிருந்தாய். அது விழாது என்றுதான் எல்லோரும் வேலை செய்கிறார்கள். நீ மட்டும் அதை எல்லாத் திசையிலும் ஏற்கெனவே விழுத்திப் பார்த்திருந்தாய்.

அந்தச் சுவருக்கு முன்னால் நான் நின்ற நிலையை உனக்கு எப்படிச் சொல்வது? இது என்னுடைய பயம், மகளே. எனக்கு நன்றாகத் தெரிந்த, எழுபது வயதுவரை என் நெஞ்சுக்குள் கிடந்து புழுங்கிய அதே சாமான். ஆனால் என்னிடத்தில் அது வெறும் புகை. உன்னிடத்தில் அதற்கு அளவு இருந்தது, நிறம் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்யவேண்டிய காரியமும் இருந்தது. கோயிலில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்பதுபோல நின்றேன். ஹெல்மெட் காதுவரை இறங்கியதால் பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

வெளியில் வந்தபோது நீ ஒரு டிப்பர் லொறிக்குக் கல் நிரப்பச் சொல்லி, அதை அந்தத் தளத்தின் மேல் மிக மெதுவாக ஓட்டச் செய்துகொண்டிருந்தாய். நீ பக்கத்தில் குனிந்து, சில்லையே பார்த்துக்கொண்டு நடந்தாய். தூணுக்குத் துளை போடும் பைலிங் இயந்திரம் ஒரு மூலையில் கம்பத்தைப் படுக்கவைத்துக்கொண்டு கிடந்தது. அதன் ஒப்பரேட்டர் செல்வராஜ், ஹேவாஹெட்டப் பக்கத்தவர், என்னிடம் வந்து வணக்கம் சொன்னார். "மிஸ்ஸோட அப்பாங்களா? பாருங்க, மிஸ் லொறிய வச்சுத் தரைக்குப் பரீட்சை வைக்கிறாங்க. என் மெசினு ஏறுறதுக்கு முன்னாடி லொறி ஏறிப் பாஸ் பண்ணணும்." இது அவ்வளவு பாரமா என்று கேட்டேன். "பெரஹரா ஊர்வலத்துல வர்ற யானையெல்லாத்தையும் கொண்டாந்து ரெண்டு சங்கிலிப் பட்டி மேல நிறுத்துன மாதிரிங்க. ஆனா யானைன்னா கால வைக்கிறதுக்கு முன்னாடி அதுவா தரைய தட்டிப் பாக்கும். இதுக்கு அந்தப் புத்தி இல்ல, நாமதான் தட்டிப் பாக்கணும்."

தளத்தின் ஆற்றுப் பக்க மூலையில் டிப்பரின் பின்சில்லு லேசாக அமுங்கியது. எனக்குத் தெரியவில்லை, செல்வராஜுக்கும் தெரிந்ததா என்று சொல்லமுடியாது. நீ கையை உயர்த்தினாய். டிப்பர் நின்றது. பின்னுக்கு எடுக்கச் சொல்லி, மறுபடி முன்னுக்கு விடச் சொன்னாய். மறுபடியும் அதே இடத்தில் தரை மெத்தைபோல இறங்கி, சில்லு போனதும் எழும்பியது. நீ நிமிர்ந்து, "இந்த மூலையைத் திறந்து பாக்கோணும். அதுவரைக்கும் மெசின் அசையாது" என்றாய். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

முதல் தூணின் குறி நின்றது நல்ல தரையில்தான். ஆனால் இயந்திரம் அங்கே போக இந்த மூலையைக் கடந்தாகவேண்டும், வேறு வழியில்லை. நல்ல நேரத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. மனேஜர் ரியாஸ், மடவளைப் பிள்ளை, வாயில் வைத்த பிளேன்ரீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"மிஸ், ஓனர் அம்மா பாதைல வந்துகொண்டு ஈக்கிறாங்க. ஹாமதுருவும் வாறாரு. இப்ப மெசின் ஏலாதுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கொண்டு பேசுற?"

"உங்கட மூஞ்சியையே வைச்சுப் பேசுங்கோ ரியாஸ். நல்ல மூஞ்சிதானே."

"பகிடி பண்ணாதீங்க மிஸ். ஒரு தடவ, சும்மா மெதுவா அந்தப் பக்கத்தால ஏத்தி, ஒரு சுத்து சுத்தி நிப்பாட்டிட்டா சரி. பொறகு நீங்க ஒரு கெழமைக்கு வேணும்னாலும் தோண்டுங்க."

"அந்த ஒரு தடவையிலதான் அது விழும்."

செல்வராஜ் தொப்பிக்குள் விரலை விட்டுத் தலையைச் சொறிந்தார். "மிஸ், நான் வேணும்னா கம்பத்த முழுசா தூக்காம, அரைவாசியில வச்சே கொண்டு போறேங்க. எத்தனை மழையில ஓட்டியிருக்கேன்." நீ அவரைப் பார்த்து, "செல்வா அண்ணை, உங்கட கையில எனக்குச் சந்தேகமில்லை. தரையிலதான் சந்தேகம்" என்றாய். அவர் இயந்திரத்தடிக்கே திரும்பிப் போனார்.

அந்த நேரத்தில் பெரிய கார் ஒன்று சரிவில் இறங்கி வந்தது. வெள்ளைச் சேலையில் ஒரு முதிய அம்மா, காவியுடையில் ஹாமதுரு என்கிற பௌத்த பிக்கு, பின்னால் உறவினர்கள், ஒருவர் கையில் புதுப் பானை. ரியாஸின் முகம் சுருங்கிவிட்டது. அப்போது நான் செய்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. கயிறு கட்டிய எல்லையைத் தாண்டி உன் பக்கத்தில் வந்து, உன் காதுக்குள், "பிள்ளை, பெரிய ஆக்களோட கொழுவாதை. ஒரு பத்து நிமிசம்தானே. விட்டுக்குடன்" என்றேன். இடுக்கண் கண்ட இடத்தில் தலை குனிவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்புத் திட்டம். நீ என் பக்கம் திரும்பவும் இல்லை. "அப்பா, கயித்துக்கு அங்கால நில்லுங்கோ" என்றாய். வேறு யாராக இருந்தாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பாய். நான் போய் நின்றேன். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இட்ட கட்டளைகளில், இவ்வளவு சரியானது என்று அந்த நிமிடமே தெரிந்த கட்டளை வேறில்லை.

நீ ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனாய். சிங்களத்தில் பேசினாய், அங்கிருந்து எனக்குக் கேட்டது. மழையில் ஒரு மூலை இளகியிருக்கிறது, இயந்திரத்தை இன்று நகர்த்த முடியாது என்று ஒரே வசனத்தில் சொன்னாய். மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் அடுக்கவில்லை. அந்த அம்மாவின் வாய் இறுகியது. நல்ல நேரம் தவறினால் கட்டடம் முழுவதற்கும் தோஷம் என்றார். அவர் கோபத்தில் இல்லை, பயத்தில் இருந்தார். பயந்த குரலை எனக்குத் தெரியும். நீயும் அதைக் கேட்டிருப்பாய். ஏனென்றால் நீ வாதாடவில்லை. ஒரு கேள்வி கேட்டாய். "உங்கள் சொந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது நல்ல நேரத்தில் என்ன செய்தீர்கள்?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "மண்வெட்டியால் முதல் வெட்டு வெட்டினோம். அப்போது இந்த மெசின் எல்லாம் எங்கே?"

"அப்படியென்றால் நேரம் மண்ணுக்குத்தான் பார்த்தது, மெசினுக்கு அல்ல. முதல் தூணின் இடத்தில் நீங்களே வெட்டுங்கள். அந்த இடம் உறுதியானது, நான் சோதித்திருக்கிறேன். மெசின் ஓடாது, சாவி என்னிடம் இருக்கும். அந்த மூலையை மட்டும் சுற்றிக்கொண்டு நான் உங்களை நடத்திக் கூட்டிப் போகிறேன்."

உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹாமதுரு மெல்லச் சிரித்துத் தலையசைத்தார். செல்வராஜ் இயந்திரத்தைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து எல்லோரும் பார்க்க உன் கையில் வைத்தார். முதிய அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, உன் தோளைப் பிடித்துக்கொண்டு கற்சல்லியில் மெல்ல நடந்து போய், குறித்த நேரத்தில் மண்வெட்டியைப் போட்டார். பால் பொங்கியது. ரியாஸ் என் பக்கத்தில் வந்து நின்று, "அங்கிள், ஒங்கட மகள் எங்கட வீட்டுக்கு ஒருநாள் வரோணும். எங்கட உம்மாவோட இப்பிடிப் பேச ஒரு ஆள் இல்லாம நாங்க படுற பாடு" என்றார். கிரிபத் என்கிற அந்தப் பாற்சோற்றை வாங்கக் கை நீட்டியபோதுதான், அதுவரை ஒரு கையால் மற்றக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது தெரிந்தது.

பின்னேரம் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து அந்த மூலையைத் திறந்தது. எல்லோரும் கயிற்றுக்கு வெளியே நின்றோம். கற்சல்லிக்குக் கீழே சிவப்பு மண், அதற்குக் கீழே உடைந்த ஒரு பலகைக்கல், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இருட்டு. செங்கல் கட்டிய பழைய மலசலகூடக் குழி. அங்கே முன்பு இருந்த வீட்டின் குழியாக இருக்கவேண்டும். எந்தப் படத்திலும் அது இல்லை. இயந்திரத்தின் ஒரு பக்கச் சங்கிலிப் பட்டி முழுவதும் அந்த வெறுமையின் மேல் ஏறியிருக்கும். கம்பம் சாய்ந்திருந்தால் பானையும் பாலும் வெள்ளைச் சேலைகளும் நின்ற பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். நானும் அங்கேதான் நின்றேன். ஆற்றுச் சத்தம் கேட்டது. செல்வராஜ் எட்டிப் பார்த்து, நீளமாக மூச்சுவிட்டு, "மிஸ், நான் இதுக்குள்ள போயிருந்தா, செத்ததுக்குக்கூட ஹேவாஹெட்டயில யாரும் கிட்ட வந்திருக்க மாட்டாங்க. மூக்கப் பொத்திக்கிட்டுத் தூரத்துலயே நின்னு அழுதுட்டுப் போயிருப்பாங்க" என்றார். அதன் பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் சிரித்தபடி ஒரு கையால் மற்றக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாய். என்னைப்போல. நான் பார்த்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் குழியைவிட இன்னொன்றுதான் மனதில் நின்றது. குழி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. நீ தீர்க்கதரிசியல்ல. மழைக்குப் பிறகு தளத்தைச் சோதிக்காமல் இயந்திரத்தை ஏற்றுவதில்லை என்று வெயில் காய்ந்த ஒரு நாளில், யாரும் அவசரப்படுத்தாத நேரத்தில் எழுதி வைத்திருந்தாய். அவசரம் வந்த நாளில் எழுதியதைச் செய்தாய். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரிது என்று, மருந்து அலுமாரிக்கு முன்னால் ஒரு ஆயுள் நின்றவனுக்குத் தெரியவேண்டாமா? என் வேலையிலும் நன்றாகச் செய்த நாளின் அடையாளம், அன்று ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். யாரும் அதற்கு மாலை போடுவதில்லை. அன்று ஏதோ நடந்தது என்றே யாருக்கும் தெரிவதில்லை.

குழியை நிரப்பி, கல் போட்டு உருட்டி, மறுபடி டிப்பரை ஓட்டிப் பார்த்த பிறகு நீ என்னை இரண்டாம் முறை கூப்பிட்டாய். "இப்ப வாங்கோ அப்பா. இது பாக்கவேண்டிய சாமான்." வந்தேன். ஹந்தானை மலைப் பக்கம் மூட்டம் கலைந்துகொண்டிருந்தது. செல்வராஜ் இயந்திரத்தை அசைத்தார். என் சப்பாத்தின் அடியால் ஒரு அதிர்வு ஏறி முழங்காலில் நின்றது. படுத்திருந்த கம்பம் மெல்ல மெல்ல எழும்பியது. தென்னைகளைத் தாண்டி, எதிர்க்கரை வீடுகளின் கூரைகளைத் தாண்டி, கடைசியில் மலையை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. பாலத்தில் போன பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரிய திருகு மண்ணில் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்பு மண்ணைச் சுமந்துகொண்டு வெளியே வந்து, அப்பால் திரும்பி, உதறியது. பூமிக்குள்ளே இவ்வளவு இருக்கிறதா என்று வாய் திறந்து பார்த்தேன். அன்றைக்கு என் வாயில் ஒரு ஓமும் இல்லை, வேண்டாமும் இல்லை. வெறும் வியப்பு.

ஆனால் நான் சொல்லவந்தது அதைப் பற்றியல்ல. துளையின் ஆழத்தை அளக்க நீ இயந்திரத்துக்குக் கிட்டப் போகவேண்டி வந்தது. நீ கயிற்றடியில் நின்றாய். உள்ளே போகவில்லை. தலையை நிமிர்த்தி, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த செல்வராஜைப் பார்த்துக்கொண்டே நின்றாய். அவர் திருகை நிலத்தில் இறக்கி நிறுத்தினார். உன்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் கட்டுப்பாட்டுத் தடிகளிலிருந்து எடுத்து, உள்ளங்கை தெரிய உயர்த்திக் காட்டினார். அதன் பிறகுதான் நீ கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாய். நீ அளந்து முடித்து வெளியே வரும்வரை அந்த இரண்டு கைகளும் கீழே இறங்கவில்லை. அத்தனை பெரிய மிருகம், என் மகள் அதன் காலடியில் நின்ற நேரம் முழுவதும், ஒரு மனிதனின் வெறும் உள்ளங்கைகளைக் காட்டிக்கொண்டு அடங்கி நின்றது. ஏன் அப்படி என்று பிறகு கேட்டேன். "அவர் என்னைக் கண்டிட்டார் எண்டது மட்டும் போதாது அப்பா. அவற்ற கை எங்க இருக்கு எண்டு எனக்குத் தெரியோணும்" என்றாய்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஆனாலும் தகப்பன்மார் எழுதும் கடிதத்தில் கொஞ்சமாவது அது இல்லாவிட்டால் அம்மா இதை அனுப்பவிடமாட்டாள். கடலில் உனக்குத் தட்டிப் பார்க்கத் தரை இருக்காது. ஆகவே அந்தப் படகின் சாய்வை யார் பார்ப்பது, அலை எவ்வளவு எழுந்தால் வேலை நிற்கும், நிற்கவேண்டும் என்று சொல்லும் வாய் யாருடையது, அந்த வாய்க்குச் சம்பளம் கொடுப்பவன் யார் என்பதை எல்லாம் போன முதல் நாளே, வெயில் நேரத்திலேயே கேட்டு எழுதிக்கொள். உன்னை எல்லோருக்கும் பிடித்துப்போகும். அதுதான் எனக்குப் பயம். முதிய அம்மாவைச் சமாதானப்படுத்த ஒரு மண்வெட்டி கிடைத்தது. எல்லா நாளும் மண்வெட்டி கிடைக்காது. சில நாட்களில் வெறும் "இல்லை" மட்டும்தான் உன்னிடம் இருக்கும். அன்று முழு இடமும் உன்னை வெறுக்கும். அந்த நாளில் இந்தக் கடிதத்தை எடுத்து வாசி. பயம் வந்தால் வெட்கப்படாதே, எங்கிருந்து வருகிறது என்று பார். ஒருநாள் பயம் வராவிட்டால் அன்று வேலையை நிறுத்து. உன் பிழையை உனக்குச் சொல்லக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்; செல்வராஜைப்போல எதிர்த்துக் கேட்டுவிட்டுப் பிறகு சாவியைக் கையில் தருகிறவராக இருந்தால் நல்லது. நேரத்துக்குச் சாப்பிடு.

இதை நீ உன்னோடு வேலை செய்பவர்களுக்குக் காட்டுவதானால் காட்டு. அவர்கள் வீட்டிலும் வாசலில் நின்று பார்க்கிற ஆட்கள் இருப்பார்கள்.

உன் கையை நான் வாவிக்கரையில் பிடித்தது, நீ தண்ணீரில் விழுந்துவிடுவாய் என்று. பிறகும் விடவில்லை. நீ ஏறிய ஒவ்வொரு பஸ்ஸிலும், எழுதிய ஒவ்வொரு பரீட்சையிலும், எடுத்த ஒவ்வொரு முடிவிலும் என் கை ஏதோ ஒரு கட்டுப்பாட்டுத் தடியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. நீ ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தைக் கட்டிக்கொண்டே கேட்டது இதைத்தான் என்று இப்போது விளங்குகிறது. நான் உன்னைக் காண்கிறேன் என்பது உனக்குத் தெரியும். என் கை எங்கே இருக்கிறது என்றுதான் நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

முன்னறை யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். அம்மா உள்ளே இருந்து, "இன்னும் முடியேல்லையோ? ஓமோ இல்லையோ, ஒரு சொல்லு எழுத இவ்வளவு நேரமோ?" என்கிறாள். முடிந்துவிட்டது. போ, மகளே. போய் அந்தக் கடலையும் எல்லாத் திசையிலும் ஒருமுறை விழுத்திப் பார். நான் கயிற்றுக்கு வெளியேதான் நிற்கிறேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு, பார், இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டுகிறேன்.

உன் அப்பா